இரண்டாமவள்

முதலில் ஓட்டியவள் இருசம்மா.
அதை யாரும் மறுக்கப்போவதில்லை, நானும்தான்.
பீடோங் கடைத்தெருவில் ஆ சூன் தவுக்கேயிடம்
மாதம் மூன்று வெள்ளித் தவணைக்கு
யாரோ ஓட்டித் தேய்த்த சைக்கிளொன்றை வாங்கி
ஆறு கட்டை தூரம் உருட்டிக்கொண்டே வந்தாள்.
ஓட்டத் தெரியாது அவளுக்கு.

கிறுக்கு என்றார்கள்.
கள்ளுக்கடையில் பாட்டுக் கட்டினார்கள்.
கங்காணி வீரபத்திரன்
பெரட்டில் எல்லார் முன்னாலும்
"கருப்பை கழன்று விழும்" என்றார்.
அதே கருப்பையோடு நாங்கள்
காண்டாக்கம்பின் இரு முனையிலும் பால்வாளி தொங்க
மழையில் வழுக்கும் மேட்டை இறங்குவதை
இருபது வருஷமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ராத்திரியில் பழகினாள்.
கைலியை வாரிச் செருகி
நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்து
செம்மண் சரிவில் விடுவாள்.
நிறுத்த வேண்டுமென்றால் லாலாங் புல்லுக்குள் போய் விழுவாள்.
காலையில் முழங்கையெல்லாம் கீறலோடு
மரத்துக்குக் கத்தி வைப்பாள்.

என் நிரை பதினோராம் நம்பர் மலைக்காட்டில்.
ஸ்டோருக்கு ஒன்றரைக் கட்டை.
ஒரு நாள் வானம் கறுத்துக்கொண்டு வர
தோள் எரிய நான் ஓடிக்கொண்டிருந்தபோது
இரண்டு தோம்பு குலுங்க என்னைக் கடந்து போனாள்.
நிற்கவில்லை.
என் பால் மழையில் கெட்டது. அவளுடையது எடை போட்டாயிற்று.

மறுமாதம் நானும் தவணை எழுதினேன்.
வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் செயினில் எண்ணெய் போட்டிருந்தது.
யார் போட்டதென்று நான் கேட்கவில்லை.

ஒருத்தி ஓட்டினால் கிறுக்கு.
ரெண்டு பேர் ஓட்டினால் சங்கம்.
அன்றைக்குத்தான் கிராணி எங்களை
"ஏய்" என்று கூப்பிடாமல்
பேர் என்ன என்று கேட்டார்.

பேர் எழுதியதால் ஒன்று தெரிந்தது.
செக்ரோலில் ஆண்கள் பேருக்கு நேரே
சைக்கிள் படி, வெள்ளி இரண்டு.
எங்கள் பேருக்கு நேரே ஒரு கோடு.
"பொம்பளைக்குக் கட்டம் இல்லை" என்றார்,
கட்டத்தை ஆண்டவன் போட்டதுபோல.
இருசம்மா வெளியே போனாள்.
போய்விட்டாள் என்று நினைத்தோம்.
சைக்கிளைத் தூக்கி ஆபீஸ் படியேற்றி
அவர் மேசைவரை உருட்டி வந்தாள்.
"இது ஆம்பளையா பொம்பளையான்னு
பாத்து எழுதுங்க."

இரண்டு மாசம் கழித்துப் படி வந்தது.
ஒரு வெள்ளி.

எண்ணி முடிந்துகொண்டாள், ஒன்றும் சொல்லாமல்.
மறுநாள் காட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவில்
மதகுக் கட்டையில் தோம்புகளை இறக்கி வைத்தாள்.
நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நானும் இறக்கினேன்.
பின்னால் மரிக்கொழுந்து,
அண்ணன் வண்டியைச் சொல்லாமல் எடுத்து வந்த தெய்வானை,
இன்னும் ஏறத் தெரியாமல்
முழுத் தூரமும் தள்ளிக்கொண்டே வந்த ராசம்பு.
"பாதிப் படிக்குப் பாதி வழி," என்றாள் இருசம்மா,
வெற்றிலை மடித்துக்கொண்டே.

வெயில் ஏற ஏறத் தோம்புக்குள்
பால் உறையத் தொடங்கியது.
அந்தப் புளித்த வாடை எங்களுக்கு முன்னால்
துரை பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டம் போட்டார்கள். சிவப்பு மையில், கோணலாக.
கூலியில் இருந்த குறைச்சல் குறைச்சலாகவே இருந்தது.
அதற்கு வேறு மதகு, வேறு பெண்கள்,
நிறைய வருஷம்.

அவளை நான் முந்தியதே இல்லை.
அவள் பின்சக்கரம் கிளப்பிய செம்மண்
என் பல்லில் நறநறத்தபடியே இருந்தது.
நேராக ஓட்டுவேன். வலது பக்கம் வளைவேன்.
இடது பக்கம் மட்டும் இன்றுவரை வராது.
இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்து
மறுபடி ஏறிக்கொள்வேன்.